புயல் நேரத்துக் காற்றாலை கிரிட்: பேக்கப் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றாலைகளை அதிகம் நம்பியிருக்கும் கிரிட்டுக்கு (மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் மின் கட்டமைப்புக்கு) எவ்வளவு பேக்கப், அதாவது மாற்று மின்சார ஏற்பாடு, வேண்டும் என்று கணக்குப் போடும்போது, காற்றே வீசாத நாளைத்தான் பலரும் மனதில் வைக்கிறார்கள். புயல் நாளின் சிக்கல் வேறு. காற்றின் வேகம் நொடிக்கு 25 மீட்டரை, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட்டால் பெரும்பாலான காற்றாலைகள் சேதத்தைத் தவிர்க்க இறக்கைகளைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். அதுவரை முழுத் திறனில் ஓடியவை அவை. வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் மறுபடி சுழலும்.

அதனால் ஆண்டுச் சராசரியை வைத்து பேக்கப்பை அளப்பது பெரிய தவறு. தன் திறனில் சராசரியாக 35 சதவீதம் தரும் 1,000 மெகாவாட் காற்றாலைப் பண்ணை புயலில் நின்றால், இழப்பு 350 மெகாவாட் அல்ல, கிட்டத்தட்ட 1,000. எத்தனை நிமிடத்தில் அது போகும் என்பதும் முக்கியம். பண்ணைகள் பரந்த நிலப்பரப்பில் சிதறியிருந்தால் உற்பத்தி சில மணி நேரத்தில் படிப்படியாக இறங்கும். ஒரே கடலோரத்தில் குவிந்திருந்தால் மளமளவென்று சரியும். சூடேறவே பல மணி நேரம் பிடிக்கும் நீராவி நிலையத்தை அதற்கு பேக்கப் என்று காகிதத்தில் எழுதிப் பயனில்லை.

காற்றின் வேகத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று நடந்ததை இந்த வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். சூறாவளி உயர் அழுத்த டவர்களைச் சாய்த்தது. அடுத்தடுத்து மின்னழுத்தம் சரிந்தது. இப்படி எத்தனை சரிவைத் தாங்கலாம் என்று காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது. கிரிட்டை நடத்தியவர்களுக்கு அது தெரியாது. வரம்பைத் தாண்டியதும் 7 நொடிக்குள் 456 மெகாவாட் காணாமல்போனது. அந்தச் சுமை முழுவதும் விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பின் மேல் விழுந்தது, அதுவும் டிரிப் ஆனது (தானாகவே துண்டித்துக்கொண்டது), மாநிலமே இருண்டது. காற்றாலைகளிடம் கேட்டு வாங்க வேண்டிய முதல் தகவல் இந்த வரம்புதான் என்பேன்.

பேக்கப் மட்டும் புயலுக்குத் தப்பிவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய பனிப்புயலில் காற்றாலைகள் உறைந்தன, உண்மைதான். ஆனால் பெரும் இழப்பு எரிவாயு மின் நிலையங்களில். எரிவாயு எடுக்கும் இடங்களும் குழாய்களும் உறைந்தன. சுமையைக் குறைக்கச் செய்த மின்வெட்டில், எரிவாயுவை அனுப்பும் சில நிலையங்களுக்கே மின்சாரம் நின்றது. முக்கிய நுகர்வோர் பட்டியலில் அவை இல்லை. காற்றாலைக்கு எவ்வளவு, எரிவாயுவுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இழப்பைக் கணக்கிட்டால் இது கண்ணில் படாது. ஒரே புயலில் எவையெல்லாம் சேர்ந்து விழும் என்று கேட்க வேண்டும். பேக்கப் நிலையமும் நகரமும் ஒரே டவர் வரிசையால் இணைந்திருந்தால், அந்த வரிசை விழும் நாளில் பேக்கப்பும் கிடையாது.

பேட்டரியில் மெகாவாட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர்களும் உண்டு. 2017 இறுதியில் அதே தெற்கு ஆஸ்திரேலியாவில் இயங்கத் தொடங்கிய ஹார்ன்ஸ்டேல் பேட்டரி அப்போது 100 மெகாவாட் திறனும் 129 மெகாவாட் மணி சேமிப்பும் கொண்டிருந்தது. முழு வேகத்தில் தந்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குத்தான் வரும். உற்பத்தி திடீரென்று குறைந்தால் சரியும் மின்சார அதிர்வெண்ணை முதல் சில நொடிகளில் பிடித்து நிறுத்த இதைவிட வேகமான கருவி கிடைப்பது அரிது. ஆனால் இரவு முழுக்க நீடிக்கும் புயலுக்கு எரிபொருள் கையிருப்போ நீர்மின் அணையோ வேறு பகுதியின் இணைப்போ வேண்டும்.

கடைசியாக, முழுதும் இருண்ட கிரிட்டை மறுபடி எழுப்பும் ஏற்பாடு. 2016இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அதற்கென ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்த இரண்டு நிலையங்களுமே தேவைப்பட்ட அன்று கைகொடுக்கவில்லை; ஒன்றில் அவசர டீசல் ஜெனரேட்டரே நின்றுபோனது. விக்டோரியா இணைப்பு மீண்டதால்தான் வழி பிறந்தது. வெளி மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து, டீசல் ஜெனரேட்டரிலிருந்து பெரிய டர்பைன் வரை, அங்கிருந்து அடுத்த சப்ஸ்டேஷன் வரை ஓட்டிப் பார்க்காத நிலையத்தை பேக்கப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.