டிசம்பர் மழையிலிருந்து வெயிலுக்கு: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் முதல் வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

கார்த்திகை, மார்கழியில் நல்ல வெயிலும் நீலக் கடலும் தேடி வெளிநாடு போக நினைப்பவர்கள் எடுத்தவுடன் டிக்கெட் விலையைப் பார்க்கிறார்கள். அது அப்புறம். முதலில் வரைபடத்தைத் திறங்கள்.

1. எந்தக் கரை?

வடகிழக்குப் பருவமழை நமக்கு மட்டும் பெய்வதில்லை. தாய்லாந்தின் கோ சமுய் தீவு, மலேசியாவின் கிழக்குக் கரை, இலங்கையின் திருகோணமலை எல்லாம் அதே பருவத்தில் நனைகின்றன. மலேசியாவின் பெர்ஹெந்தியன் தீவுகளில் அந்த மாதங்களில் பெரும்பாலான விடுதிகளையே மூடிவிடுவார்கள். அங்கே போய்க் குடை பிடிப்பதற்குக் கடலூர் சில்வர் பீச்சே போதும்.

அதே நாடுகளின் மேற்கு, தென்மேற்குக் கரைகளில் நிலைமை நேர்மாறு. புக்கெட், கிராபி, லங்காவி, இலங்கையில் காலி, மிரிஸ்ஸ ஆகியவை டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலும் வெயிலாக இருக்கும். மாலத்தீவிலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். பாலிக்கு அப்போது மழைக்காலம், விட்டுவிடுங்கள்.

2. எப்போது?

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறைக் கட்டாயம் இல்லையென்றால் பொங்கல் கழித்துப் போங்கள். விலையும் இறங்கும், புயல் பயமும் குறையும்.

3. எங்கிருந்து ஏறுவது?

லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. சென்னை அல்லது திருச்சிதான். கடலூர்க்காரர்கள் திருச்சியை மறந்துவிடுகிறார்கள். அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. இரண்டு ஊரிலிருந்தும் விலை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னை என்றால் ரயிலில் தாம்பரம் வரை வந்து, மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடிவைத்தார்கள். ஆகவே மழை மாதத்தில் முந்தைய நாளே சென்னை போய்விடுவது நல்லது. பயணக் காப்பீட்டையும் டிக்கெட் போடும்போதே எடுங்கள்; புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலால் வரும் இழப்புக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள்.

4. டிக்கெட்

இங்கேதான் நிதானம் வேண்டும். நள்ளிரவு விமானங்களில் தேதி குழப்பும். 20ஆம் தேதி 00:30 என்றால் 19ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நம்மில் பலருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். ஆதாரைப் பார்த்து நிரப்பாதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் என்ன எழுதுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், தவறவிட்ட இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். விலை பார்க்கும்போது செக்-இன் பெட்டிக்கான கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். மலிவு விமானங்களில் பல சமயம் அது தனி.

5. காகிதங்கள்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மாலத்தீவு இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசாவை இலவசமாகத் தருகிறது. மற்ற நாடுகளின் விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த அரசின் தளத்திலேயே பாருங்கள். தாய்லாந்து, மலேசியா இரண்டுக்கும் வந்திறங்கும் முன் மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட், விடுதி பதிவு இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

6. பெட்டி

பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் போடக்கூடாது. ஊறுகாய் நேர் எதிர்: நன்றாகக் கட்டிப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் பெட்டியில் கூடாது, எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு முந்திரி போதும்.