டெலக்ரோவாவின் வேட்டை ஓவியம்: ஆயில் பெயின்ட்டில் உங்கள் முதல் பிரதி

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலக்ரோவா 1826-27இல் வரைந்த வேட்டை ஓவியம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய காட்டு முயல், ஃபெசன்ட் பறவை, துப்பாக்கி, ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி எல்லாம் வெட்டவெளியில் குவிந்து கிடக்கும். தூரத்தில் சிவப்புக் கோட்டு வேட்டைக்காரர்கள். 1825இல் அவர் இங்கிலாந்து போய்வந்ததன் சாயல் அந்த நிலக்காட்சியில் தெரியும். இவற்றோடு சம்பந்தமே இல்லாமல் இரண்டு சிங்கி இறால்கள். அதுவும் வெந்தவை! ஐரோப்பியச் சிங்கி உயிரோடு இருக்கும்போது கருநீலம், வெந்தால்தான் சிவக்கும். வேட்டைக் காட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள்? அந்தச் சிவப்பு அவருக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்பது என் கட்சி.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: 12×16 இன்ச் கேன்வாஸ் போர்டு வாங்குங்கள். மூல ஓவியம் ஏறக்குறைய 80×106 செ.மீ. இரண்டுமே கிட்டத்தட்ட 3:4 என்பதால் கட்டம் போட்டு மாற்றுவது சுலபம். நிறங்களில் ரா அம்பர் (பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அல்ட்ராமரின் (நீலம்), கேட்மியம் ரெட், அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு), டைட்டானியம் வெள்ளை போதும். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் அம்பரும் கலந்தால் அதைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும்.

படி 2: பர்ன்ட் சியன்னாவை டர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாள் வரை காயட்டும்.

படி 3: ரா அம்பரால் உருவங்களைக் குறியுங்கள். முயல், பறவை என்று தனித்தனியாகப் பார்க்காதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் குவியல் முழுவதும் ஒரே இருட்டுத் திட்டாகத் தெரியும். முதலில் அதைப் போடுங்கள். வானத்தையும் தூரத்து வயலையும் மெல்லிய பூச்சில் முடித்துவிடலாம்.

படி 4: முயல். இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். சின்ன பிரஷை எடுத்து ஒவ்வொரு முடியாக இழுத்து நான் வரைந்த முதல் முயல், பழைய விளக்குமாறு மாதிரி வந்தது. உடம்பின் நடுவில் முடியே வரைய வேண்டாம். அங்கே வெளிச்சம், நிழல், இடைநிறம் என மூன்று நிறங்கள் மட்டும். நிழலில் அம்பரும் கொஞ்சம் நீலமும். வெளிச்சத்தில் ஓக்கரும் வெள்ளையும். முடி தெரிய வேண்டியது விளிம்பில். அதனால் முயலையும் அதை ஒட்டிய பின்னணியையும் ஒரே நாளில் போடுங்கள். இரண்டும் ஈரமாக இருக்கும்போது, காய்ந்த ஹாக் பிரஷால் (பன்றி முடி பிரஷ்) முடி படுத்திருக்கும் திசையில் உள்ளிருந்து வெளியே லேசாகத் தட்டுங்கள். விளிம்பு தானாகவே பஞ்சு போலக் கரையும். இரண்டு மூன்று இடங்களில் செய்தால் போதும். மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். காதுக்கு மட்டும் கூர்மையான விளிம்பு.

இறகுக்கு இவ்வளவு பாடு இல்லை. தட்டையான பிரஷை ஒருமுறை அழுத்தி எடுத்தால் ஒரு இறகு.

படி 5: சிவப்பைக் கடைசிவரை தொடாதீர்கள். சிங்கியின் நிழலுக்கு அலிசரின், வெளிச்சத்துக்கு கேட்மியம் ரெட், ஓட்டின் பளபளப்புக்கு ஒரே ஒரு கெட்டியான வெள்ளைப் புள்ளி. சிவப்பில் வெள்ளையைக் குழைத்தால் ரோஸ் நிறமாகி ஓவியமே சப்பென்று போகும். தூரத்துக் கோட்டுகளுக்கு அதே சிவப்பைத் துளியளவு மங்கலாக்கி வையுங்கள்.

ஒரு விதி: அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முதலில் காய்ந்துவிடும். பிறகு அடிப்பூச்சு அசையும்போது வெடிப்பு விடும்.

லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து.