ஊரில வச்சே ஒரு லைவ் ஆல்பம் எடுக்கிறது எப்பிடி

கிற்றாரை மடியில வச்சு, தானே எழுதின பாட்டை நாட்டார் மெட்டில பாடுற ஆக்கள் எங்கட பக்கம் இருக்கினம். அப்பிடி ஒரு அண்ணை ஸ்டூடியோவில பாடினதையும் கேட்டிருக்கிறன், முல்லைத்தீவில முள்ளியவளைப் பக்கம் ஒரு மண்டபத்தில சனத்துக்கு முன்னால பாடினதையும் கேட்டிருக்கிறன், ரெண்டும் ஒரே தொண்டை எண்டு நம்பேலாது, சனத்துக்கு முன்னால பாடினதுதான் திறம். அதால முதல் ஆல்பத்தை ஊரிலயே லைவ்வா எடுங்கோ, செலவும் குறைவு.

முதல் தரம் நான் விட்ட பிழையை முதல்ல சொல்லுறன். சவுண்ட்காரரின்ர மிக்ஸரில இருந்து ஒரு வயர் இழுத்து அதை மட்டும் பதிஞ்சன். குரலும் கிளீன், கிற்றாரும் கிளீன், ஆனா மண்டபம் நிறைஞ்ச சனத்தில ஒராள்கூட இல்லாத மாதிரி இருந்துது. ரெண்டாவது பாட்டில முன்னுக்குப் பாயில இருந்த ஒரு ஆச்சி கையைத் தட்டிக்கொண்டு அடியைத் திருப்பிப் பாடத் தொடங்க, பின்னால இருந்த பெட்டையள் எல்லாம் சேந்து பிடிச்சிட்டுதுகள், அண்ணை பாடுறதை நிப்பாட்டிட்டு கிற்றாரை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டு நிண்டவர். றெக்கோடிங்கில அந்த இடத்தில வெறும் கிற்றார்தான் கேக்குது, அவர் ஏன் நிப்பாட்டினவர் எண்டே விளங்காது.

ஆனபடியா சனத்துக்கெண்டு ரெண்டு மைக் கட்டாயம். மேடைக்கு ரெண்டு கரையிலயும், ஸ்பீக்கர் பொக்ஸுக்குப் பின்பக்கமா, ஆக்களைப் பாத்தபடி உயரமா வையுங்கோ, ஸ்பீக்கர் சத்தம் நேர விழக்கூடாது. குரலுக்கு எஸ்எம்58 மாதிரி சாதாரண டைனமிக் மைக் போதும், தகரக் கூரை மண்டபத்தில, மெல்லிய சத்தத்தையும் இழுக்கிற கண்டென்சர் மைக் வச்சா ஊளையிடும். கிற்றாருக்கு ஓட்டைக்கு நேர வைக்காதேங்கோ, குமுகுமு எண்டு கேக்கும், கழுத்து உடம்போட சேருற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கோ. ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி ட்ராக்கா றெக்கோடர் செற்றிங்கில 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் எண்டு வச்சுப் பதியுங்கோ, ஆக உரத்த சத்தமும் றெக்கோடர் காட்டுற அளவில மைனஸ் 12 டிபிக்கு மேல போகாமல் பாருங்கோ, ஏனெண்டா சவுண்ட் செக்கில மெல்லப் பாடுற மனுசன் சனத்தைக் கண்ட உடன இரட்டிப்பா இழுப்பார். ஸ்டீரியோ, அதாவது ரெண்டு ட்ராக் எண்டா மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி அளவு வரும், அதுக்கேத்த மெமரி காட்.

தொடங்க முதல் மேடையில நிண்டு ஒருக்கா ஓங்கிக் கை தட்டுங்கோ. சத்தம் ஒரு மீற்றர் போக 3 மில்லிசெக்கன் கிட்ட எடுக்கும், 10 மீற்றர் தள்ளி இருக்கிற மைக்கில எல்லாம் பிந்தித்தான் விழும், பிறகு கலக்கேக்க அந்தக் கைதட்டை வச்சுத்தான் ட்ராக்குகளை நேராக்கலாம்.

நாள் பாக்கிறது மைக்கை விட முக்கியம். வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நேரம் எங்கட பக்கம் வேண்டாம், எல்லா இடமும் லவுட்ஸ்பீக்கர். மாரியில தகரத்தில மழை விழுந்தா பாட்டே கேக்காது, குளக்கட்டுப் பக்கம் எண்டா தவளையும் சேந்திடும். சோளகம் எண்ட தென்மேல் காத்து அடிக்கிற மாதங்களில வெட்டையில மைக் வச்சா காத்து மட்டும்தான் பதியும். காலபோக (மாரி நெல்லு) அறுவடை முடிஞ்ச கையோட, மாசி பங்குனியில, இரவு ஏழரைக்குப் பிறகு வையுங்கோ, சனத்தின்ர கையில கொஞ்சம் காசும் மனசில ஆறுதலும் இருக்கிற நேரம். றெக்கோடர் பற்றரியில ஓடட்டும், லைட்டும் ஃபானும் இருக்கிற லைனில குத்தினா அம்ம்ம் எண்டு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும். ஜெனரேட்டர் எண்டா சுவருக்கு அங்கால, வயர் எட்டுற மட்டும் தள்ளி.

ஏலுமெண்டா ரெண்டு தரம் பாட வையுங்கோ. அமெரிக்கப் பாடகர் ஜொனி காஷ் 1968 ஜனவரி 13இல கலிபோர்னியா ஃபோல்சம் சிறையின்ர சாப்பாட்டு மண்டபத்தில கைதியளுக்கு முன்னால பாடி எடுத்த ஆல்பமும் அப்பிடித்தான், ஒரே நாளில ரெண்டு கச்சேரி, ஆல்பத்தில பெரும்பாலும் முதலாவதுதான் போனது, ரெண்டாவதில இருந்து ரெண்டு பாட்டு எடுத்தவை. சிறை ஒலிபெருக்கி அறிவிப்புகளையும் வெட்டாமல் விட்டிருக்கினம், அதைக் கேக்கேக்கதான் நாங்களும் அந்தச் சாப்பாட்டு மண்டபத்துக்குள்ள இருக்கிற மாதிரி வரும். ஆனா அதிலயே ஒரு வரிக்கு எழும்புற ஆரவாரம் பிறகு ஸ்டூடியோவில ஒட்டினது. அதை மட்டும் செய்யாதேங்கோ, உங்கட சனம் அந்த இடத்தில பேசாமல் இருந்தா அந்த அமைதியையே விடுங்கோ, எங்கட பாட்டுகள் சிலதுக்கு ஆரும் கை தட்டிறேல்லை, அது ஏனெண்டு இங்க இருக்கிறவைக்குத் தெரியும்.

எடிட் பண்ணேக்க பாட்டுக்கு முன்னால கதைக்கிறதை வெட்டிப் போடாதேங்கோ. "இது அம்மம்மா நாத்து நடேக்க பாடின மெட்டு, சொல்லு மட்டும் என்ரை" எண்டு அண்ணை சொன்ன அந்த அரை நிமிசம் இல்லாட்டி பாட்டில பாதி போயிடும். ஆனா அந்தக் கதையை முந்தின ட்ராக்கின்ர கடைசியில சேருங்கோ, அப்பத்தான் பாட்டை மட்டும் தனியப் போடுறவைக்கு நேர பாட்டில தொடங்கும். ட்ராக்குக்கு நடுவில சத்தத்தை முழுக்கக் குறைச்சு வெறுமையாக்கவும் வேண்டாம், மண்டபத்தின்ர மூச்சு தொடர்ந்து ஓடட்டும். ஸ்பொட்டிஃபையில போடுறதெண்டா அது தானே எல்லாப் பாட்டின்ர உரப்பையும் மைனஸ் 14 லஃப்ஸ் (உரப்பை அளக்கிற அலகு) அளவுக்குக் கொண்டு வரும், அதால நசுக்கி நசுக்கி உரப்பாக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை. பழைய மெட்டு எண்டா எந்த ஊரில ஆரிட்டக் கேட்டது எண்டு விபரத்தில எழுதுங்கோ, இது விடுபட்டா எனக்குக் கோவமே வரும்.

வெளியிட முதல் அதே மண்டபத்தில ஒரு பின்னேரம் போட்டுக் காட்டுங்கோ. குரல் தெளிவாக் கேக்கிற ஆக்களிட்ட, போடலாமோ எண்டு தனியக் கேட்டு ஓம் வாங்குங்கோ. ரெண்டாம் தரம் எடுத்ததில அந்த ஆச்சியின்ர குரல் வடிவா விழுந்திருந்துது, வீட்டை போய் போனில போட்டுக் காட்டினன், தன்ரை இடம் வரேக்க மட்டும் போனைக் காதோட அமத்திப் பிடிச்சவ, பிறகு மகளுக்கும் ஒருக்காப் போடச் சொன்னவ. அவவுக்கு ஒரு பென்ட்ரைவ், சவுண்ட்காரருக்கு ஒண்டு, மண்டபத்து வாசிகசாலைக்கு ஒண்டு, மிக்ஸ் பண்ணாத ஒரிஜினல் ஃபைல் ரெண்டு வேற வேற வீட்டில.