ஜப்பானிய நிறுவனத்தில் ஒப்புதல் வாங்க: கூட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்

ஜப்பானிய நிறுவனத்திடம் ஒரு திட்டத்தைக் கொண்டுபோகிறீர்களா? கூட்டத்தில் நன்றாகப் பேசி அங்கேயே ஒப்புதல் வாங்கிவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே கூட்டம் பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்த முடிவை உறுதிசெய்யும் இடம். உண்மையான பேச்சு அதற்கு முன்பே தனித்தனியாக நடந்துவிடும். இதைத்தான் ஜப்பானில் நெமாவாஷி என்கிறார்கள்.

முதலில் உங்களோடு தொடர்பில் இருப்பவரிடம், "இதில் யார் யாருடைய கருத்து தேவை?" என்று கேளுங்கள். பயன்படுத்தப்போகும் பிரிவு, தரக்கட்டுப்பாடு, கணக்கு என ஒவ்வொரு தரப்புக்கும் வரைவை முன்கூட்டியே காட்டி, ஆட்சேபத்தைக் கேட்டுத் திருத்துங்கள். நேரில் பார்க்க வழியில்லையென்றால், உங்கள் தொடர்பாளரே உள்ளே சுற்றுக்கு விடும்படி ஜப்பானிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் கொடுங்கள்: செலவு, கால அட்டவணை, பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு. இந்த மூன்றாவதை விட்டுவிட்டால் காகிதம் நடுவழியில் நின்றுவிடும். கடைசியில் ரிங்கிஷோ என்ற ஒப்புதல் படிவம் கீழிருந்து மேலே போகும். ஒவ்வொருவரும் முத்திரை இடுவார்கள் (இன்று பல இடங்களில் கணினியிலேயே). வாரக்கணக்கில் ஆகலாம், நச்சரிக்காதீர்கள். ஒப்புதலுக்குப் பின் வேலை வேகமாக நகரும், ஏனெனில் எல்லோரும் முன்பே சம்மதித்துவிட்டார்கள்.

கூட்டத்தில் புது விலை, புது நிபந்தனை எதையும் திடீரென்று முன்வைக்காதீர்கள். எல்லோர் முன்னிலையிலும் மறுக்கத் தயங்கி, "பரிசீலிக்கிறோம்" என்பார்கள். தேதி சொல்லாத பரிசீலனை பெரும்பாலும் மறுப்புதான். மறுநாள் தொடர்பாளரிடம் தனியாக, "எந்த இடத்தில் சிக்கல்?" என்று கேளுங்கள், நேரான பதில் அங்கேதான் வரும்.