வேலைக்குப் போகும் வழியில் விபத்தா? இ.எஸ்.ஐ. பணம் பெறும் வழி

ஷிப்டுக்குப் போகும் வழியில் பைக் சறுக்கி என் தம்பிக்குக் கை முறிந்தது. அவனுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

2010இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-ஈ பிரிவாக வந்த விதியின்படி, வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நேரும் விபத்தும் பணிக்காயம்தான். ஆனால் விபத்தின் சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டியாக வேண்டும். காட்டினால், வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்திருந்தாலும் உண்டு. தொடர்பைக் காட்டாவிட்டால் நோய்க்கால உதவித்தொகையான 70 சதவீதம்தான்; அதற்கும் சந்தா கட்டிய நாள்களின் கணக்கைப் பார்ப்பார்கள்.

படி 1: சிகிச்சை தரும் டாக்டரிடம் "வேலைக்குப் போகும்போது விழுந்தேன்" என்றே சொல்லுங்கள்.

எங்கள் மனு நின்றது இங்கேதான். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் "இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தார்" என்று மட்டுமே இருந்தது. எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று கேட்டு மனு திரும்பி வந்தது. ஷிப்டு அட்டவணை, முந்தைய மாத வருகைப் பதிவு, உடன் வந்தவரின் கடிதம் ஆகியவற்றை இணைத்தோம். வீடு, விபத்து நடந்த இடம், தொழிற்சாலை மூன்றையும் குறித்து வெள்ளைத்தாளில் ஒரு வரைபடமும் போட்டோம். கைப்பேசி வரைபடத்தின் அச்சைவிட இதுவே மேல். தேவையற்ற கடைப் பெயர்கள் இல்லாமல் வழி பளிச்சென்று தெரியும்.

படி 2: நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதியோடு அச்செடுத்துக் கொடுக்கலாம். விபத்து அறிக்கையை இணையத்தில் பதிய வேண்டியது நிறுவனம். பதிந்த நகலை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

படி 3: இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ்களைக் கிளை அலுவலகத்தில் சேருங்கள். விபத்து நாளை விட்டுவிட்டு, குறைந்தது 3 நாள் வேலைக்குப் போக முடியாத நிலை இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: வழியில் குழந்தையைப் பள்ளியில் விட்டால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். தினமும் அதே வழிதான் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிறகு தெரியவந்தால் மனு முழுவதையும் சந்தேகிப்பார்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களும் கேட்டிருந்தார்கள். அதிகாலை 3 மணிப் பணிக்கு பைக்கில் போய், சர்க்கரை ஆலைக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் முன்பே இறந்த காவலாளியின் வழக்கில், அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இந்த விதி பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கும் கேட்பது அதே தொடர்பைத்தான். ஆகவே படி 1இல் சொன்ன ஆதாரங்களை அப்படியே திரட்டுங்கள்.