அந்த விண்ணப்பப் பாரத்தில் என்ன எழுதினாய், தம்பி?

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் 1972-இல் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே ஷிப்ட் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இண்டர்வியூவுக்கு எப்படிப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அடிபட்டுத்தான் கற்றேன். போன மாதம் டெக்னிஷியன் வேலைக்கு ஆள் எடுக்க மேசைக்கு அந்தப் பக்கம் என்னையும் உட்கார வைத்தார்கள். வந்த பிள்ளைகளைப் பார்த்தால் பழைய என்னையே வரிசையில் நிறுத்தியது போல இருந்தது.

சட்டையை இஸ்திரி போடுங்கள், கைப்பேசியை அணைத்து வையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். இண்டர்வியூவில் நாம் செய்கிற தவறுகள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பாலத்தை நம்பி நேரம் குறிப்பது

கடலுக்கு அந்தப் பக்கம் பிறை, பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள் கூகுள் வரைபடத்தை முந்தின நாள் இரவு பத்து மணிக்குப் பார்க்கிறார்கள். அப்போது பினாங்குப் பாலம் காலியாக இருக்கும். காலை ஏழரைக்கு அதே 13.5 கிலோமீட்டர் வேறு கதை. நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் ஆட்கள் 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்தில் வரலாம். அது பத்து மாவுங்கில் ஏறுகிறது, தொழிற்பேட்டைக்குப் பக்கம். பெர்ரி ஜார்ஜ்டவுனில்தான் இறக்கிவிடும். அங்கிருந்து இன்னொரு பஸ் பயணம் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

கையில் வாங்குவதைச் சம்பளம் என்று எழுதுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு பாரம் கொடுப்பார்கள். அதில் ‘கடைசியாக வாங்கிய சம்பளம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘வாங்கிய’ என்றதும் நம் மனம் நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. மாதக் கடைசியில் எவ்வளவு விழுந்ததோ அதை எழுதிவிடுகிறோம். ஆனால் அதைப் படிக்கிற மனிதவளப் பிரிவு ஆள், பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை என்றுதான் எடுத்துக்கொள்வார். நம்மைத் திருத்துவது அவர் வேலை இல்லை.

2014-இல் என் அடிப்படைச் சம்பளம் 1,800 வெள்ளி (ரிங்கிட்). இபிஎஃப் என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பு நிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கு ஒரு சிறு தொகை எல்லாம் போகக் கையில் வந்தது 1,600-க்குக் கொஞ்சம் குறைவு. வேறு கம்பெனி இண்டர்வியூவில் 1,600 என்று எழுதினேன். அவர்கள் 1,750 தருகிறோம் என்றார்கள். 150 வெள்ளி கூட! வெளியே வந்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் கூட்டாளிகள் இரண்டு பேருக்கு என் செலவில் ரொட்டி சானாய் வேறு வாங்கிக் கொடுத்தேன். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கையில் 1,550 கூட இல்லை. பழைய இடத்தில் வாங்கியதைவிடக் குறைவு.

ஒரு மாதத்தோடு போகிற நஷ்டமும் இல்லை இது. வருடாந்தரச் சம்பள உயர்வு, போனஸ், ஓவர்டைம் கணக்கு, முதலாளி போடுகிற இபிஎஃப் எல்லாமே அந்த அடிப்படைத் தொகையைப் பிடித்துத்தான் நடக்கும். அந்த ஒரு கட்டத்தில் எழுதிய எண்ணை நான்கு வருடம் இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் வந்த தம்பி ஒருவன் 2,650 என்று எழுதியிருந்தான், எதிர்பார்ப்பது 2,950. வேலை தெரிந்த பையன். எனக்குச் சந்தேகம் வந்து, “இது காஜி போக்கோக்கா, பெர்சேயா?” என்று மலாயிலேயே கேட்டேன், அடிப்படைச் சம்பளமா, பிடித்தம் போகக் கையில் வருவதா என்று. “பெர்சே” என்றான். அடிப்படை 3,000. அதாவது இப்போது வாங்குவதைவிட 50 வெள்ளி குறைத்துக் கொடுங்கள் என்று தன் கையெழுத்தாலேயே விண்ணப்பித்திருக்கிறான்! அந்த 2,950 கிடைத்திருந்தால் கையில் சுமார் 2,600-தான் நின்றிருக்கும்.

சரி, எப்படி எழுதுவது? சம்பளச் சீட்டைப் பார்த்து அடிப்படைச் சம்பளத்தைத் தனியாக எழுதுங்கள். நிலையான அலவன்ஸைத் தனியாக. ஷிப்ட் அலவன்ஸ், ஓவர்டைம் இரண்டுக்கும் மாதச் சராசரியை அதற்குக் கீழே. கட்டம் சின்னது என்றால் ஓரத்தில் எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்கிற சம்பளத்தைச் சொல்லும்போது ‘அடிப்படை’ என்ற சொல்லை வாய் திறந்து சொல்லிவிடுங்கள். இதற்கு நேர்மாறான சூரர்களும் உண்டு. ஓவர்டைமையும் சேர்த்து அடிப்படை என்று எழுதுவார்கள். கடைசி மூன்று மாதச் சீட்டைக் கொண்டுவா என்றதும் முகம் வெளுத்துவிடும். அப்புறம் பொய் சொன்னவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

தமிழ் முகத்தைப் பார்த்ததும் ‘அண்ணே’ என்பது

மேசையில் மூன்று பேர் இருப்போம். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனப் பெண், நான். கேள்வி கேட்பது அந்தப் பெண், பதில் வருவது என் முகத்தைப் பார்த்து. நடுவில் “தெரியும்தானே அண்ணே” வேறு. உதவி செய்ய நினைத்தாலும் அதற்குப் பிறகு என்னால் வாய் திறக்க முடியாது. கேட்டவரைப் பார்த்து, கேட்ட மொழியில் பதில் சொல்லுங்கள். அண்ணன் முறையெல்லாம் வேலை கிடைத்த பிறகு கேண்டீனில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய சூப்பர்வைசரைத் திட்டுவது

வேண்டாம்.

‘எந்த வேலையா இருந்தாலும் செய்வேன்’

எந்த வேலையும் தெரியாது என்றுதான் எங்கள் காதில் விழும்.

‘திங்கட்கிழமையே வந்துடறேன்’

இதைச் சொல்லும்போது முகத்தில் ஓர் ஆர்வம் தெரியும், பாவமாக இருக்கும். ஆனால் இப்போது ஓரிடத்தில் வேலையில் இருக்கிறவர் அப்படிச் சொன்னால், இவர் நம்மையும் ஒருநாள் இப்படித்தான் விட்டுப் போவார் என்று பக்கத்தில் இருப்பவர் பேனாவை மூடுவார். போவதற்கு முன் உங்கள் வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் எத்தனை நாள் என்று அதில் இருக்கும். ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் 1955 வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவான வேலைக்கு நான்கு வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். கொடுக்காமல் கிளம்பினால் அந்த நாட்களின் சம்பளத்தை நீங்கள்தான் கட்ட வேண்டிவரும்.

அந்த 2,650 தம்பி ஆறு வாரம் ஆகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அவனிடம் புதிய பாரம் ஒன்றைக் கொடுத்து, முதல் கட்டத்திலிருந்து மறுபடி எழுதச் சொன்னார்கள்.