மார்கழிக் கச்சேரிகள்: நாளுக்கு இரண்டு, ஒரே வட்டாரத்தில்

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சென்னையில் எந்த மாலையும் பல சபாக்களில் (இசை விழா நடத்தும் அமைப்புகளில்) ஒரே நேரத்தில் கர்நாடக இசைக் கச்சேரி நடக்கும். முதல்முறை வருகிறவர்கள் அட்டவணையைப் பார்த்த ஆசையில் ஒரு நாளைக்கு நான்கைந்து கச்சேரிகளைக் குறித்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் காது களைத்து, எந்த ராகமும் மனத்தில் தங்காது. பிற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வட்டாரத்தில் இருக்கட்டும்.

வட்டாரம் என்றால் முக்கியமாக மூன்று. மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். மூன்றுக்கும் நடந்தே போய்வரலாம். டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும். தியாகராய நகரில் வாணி மகால், கிருஷ்ண கான சபா, பாரத் கலாச்சார். திருவான்மியூர் கலாக்ஷேத்திராவும், பாரிமுனைப் பக்கம் தமிழ் இசைச் சங்கம் விழா நடத்தும் ராஜா அண்ணாமலை மன்றமும் தள்ளி இருக்கின்றன. அவற்றுக்குத் தனி நாள் ஒதுக்குவதே நல்லது. தமிழ்ப் பாட்டுக்காகவே 1943-இல் தொடங்கியது தமிழ் இசைச் சங்கம். பண் (பழந்தமிழ் ராகம்) பற்றிய ஆராய்ச்சி அமர்வுகளும் அங்கே நடக்கும். ஓதுவார்கள் பாடித் தேவாரப் பண் கேட்க வேண்டுமென்றால் அந்த நாளை விடாதீர்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் தியாகராய நகரிலிருந்து மயிலாப்பூருக்கு அரை மணியில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டால் கச்சேரியின் முதல் இரண்டு உருப்படி (பாட்டு) போய்விடும். லஸ், கச்சேரி சாலைப் பக்கம் மெட்ரோ வேலை முடியும்வரை வழி மாற்றமும் உண்டு. மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடப்பதுதான் நிச்சயம். வைகுண்ட ஏகாதசியன்று கோயில் கூட்டம் நிறைந்த திருவல்லிக்கேணிப் பக்கமே போகாமல் திட்டமிடுங்கள்.

பிற்பகல் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் டிக்கெட் கிடையாது. இளையவர்கள் பாடும் நேரம் என்று அதை ஒதுக்குவது பெரிய தவறு. கூட்டம் குறைவு, முன்வரிசை கிடைக்கும், பாடுகிறவர் மாதக்கணக்கில் உழைத்துத் தயார் செய்ததைக் கொட்டுவார். பின்னாளில் மாலை நேரத்துக்கு வரப்போகிறவர்களை இன்றே பத்தடி தூரத்தில் கேட்கலாம். பெரிய பெயர்களின் மாலைக் கச்சேரிக்கு மட்டும் அட்டவணை வந்ததுமே டிக்கெட் வாங்கிவிடுங்கள். அகாடமியில் நல்ல இருக்கைகள் பலவும் சீசன் டிக்கெட்டிலேயே போய்விடுவதால், அன்றாட டிக்கெட்டுக்குக் காலையிலேயே வரிசை சேரும். அதே வித்வான் அந்த சீசனில் வேறு சபாக்களிலும் பாடுவார். சின்ன அரங்கில் கேட்டால் தம்பூராச் சுருதிகூடத் தெளிவாகக் காதில் விழும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமாக மிருதங்கம் நமக்கு இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் இருக்கும். மிருதங்கம் வாசிப்பவரின் வலந்தலை (வலக்கையால் வாசிக்கும் முகம்) சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. இடக்கைப் பழக்கமுள்ள வித்வான் என்றால் இரண்டும் இடம் மாறும். தாளத்தைப் பிடிக்க நினைப்பவர்கள் பாடகரின் கை தெரியும் இடத்தில் உட்காரட்டும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வேண்டாம், அங்கே மிருதங்கத்தின் சாப்பு (கணீரென ஒலிக்கும் அடி) குரலை அமுக்கிவிடும்.

இரண்டரை மணிக் கச்சேரியின் போக்கு தெரிந்தால் அலுப்பே வராது. வர்ணம் (தொடக்கத்தில் பாடும் ஒரு வகைப் பாட்டு) அல்லது விறுவிறுப்பான ஒரு கிருதியில் (இயற்றப்பட்ட பாடலில்) தொடங்கும். பிறகு ஒன்றிரண்டு சின்ன உருப்படி, ஓரளவு விரிவாக ஒரு ராகம். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் கழிந்தபின் மெயின், அதாவது அன்றைய முக்கிய உருப்படி: தோடி, காம்போதி, கல்யாணி, பைரவி, சங்கராபரணம் போன்ற ஒரு ராகத்தில் ஆலாபனை (பாட்டில்லாமல் ராகத்தை விரித்தல்), கிருதி, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுதல்), கல்பனாஸ்வரம் (கற்பனையில் ஸ்வரம் பாடுதல்), தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது). அதன்பின் துக்கடாக்கள் (சின்ன, எளிய பாட்டுகள்), முடிவில் மங்களம். சில நாள் மெயினுக்கு அடுத்தோ அதன் இடத்திலோ ராகம் தானம் பல்லவி (ஒரே வரியை வைத்து விரிவாகப் பாடும் உருப்படி) வரும்.

தாளம் போட ஆதி தாளத்தில் தொடங்குங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. மெயின் பெரும்பாலும் இரண்டு களையில் இருக்கும். அப்போது ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டு முறை விழும். புதியவர்கள் தவறுவது எடுப்பில்தான், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில். பாட்டு தொடங்கும் இடமே தாளம் தொடங்கும் இடம் என்று நினைத்து எண்ணுவார்கள். பல கிருதிகளில் சமம் (தாளத்தின் முதல் தட்டு) தாண்டித்தான் பாட்டு எடுக்கும், அதனால் முதல் ஆவர்த்தனத்திலேயே (தாளத்தின் முதல் சுற்றிலேயே) கணக்குப் பிசகிவிடும். பாடகரின் கையைப் பார்த்து ஒரு சுற்று பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த சமத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். தொடையில் மெதுவாகப் போடுங்கள். நாற்காலிக் கையில் தட்டினால் முன்வரிசைக்காரருக்கு அதுதான் கேட்கும்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காப்பிக்குப் போகும் பழக்கம் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. வேண்டாம். அன்றைக்கு மிருதங்கக்காரருக்கும் கடம், கஞ்சிரா வாசிப்பவருக்கும் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அதுதான். முதலில் தனித்தனியாக வாசிப்பார்கள்; மாறி மாறி வரும் வாசிப்பு போகப்போகக் குறுகும்; பிறகு சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிவுக் கோலங்கள். கோர்வையை மூன்று முறை வாசித்து எடுப்பில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். மூன்றாவது தடவை பாட்டின் முதல் சொல் சரியாக வந்து விழும் அந்த நொடிக்காக உட்கார்ந்திருக்கலாம். வெளியே போகத்தான் வேண்டுமென்றால் மெயின் ஆலாபனைக்கு முன்னால், இரண்டு உருப்படிகளுக்கு நடுவே போய்விடுங்கள். தாமதமாக வந்தாலும் அப்படித்தான்: உருப்படி முடிந்து கைதட்டல் எழும்போது உள்ளே வாருங்கள்.

கேட்க விரும்பும் துக்கடாவைச் சீட்டில் எழுதி அனுப்பலாம். தனி ஆவர்த்தனம் முடிந்தபின் அனுப்பினால் பாட வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு பாட்டை எழுதுங்கள். நான்கு எழுதிய சீட்டு மடித்து வைக்கப்பட்டுவிடும்.

சபா கேண்டீனில் மாலைக் கச்சேரிக்கு முந்தைய முக்கால் மணி நேரம் நெரிசல் மிக அதிகம். பிற்பகல் கச்சேரி முடிந்த கையோடு டிபனை முடித்துவிடுங்கள். வயிறு நிறைய இலைச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஆலாபனைக்கு உட்கார்ந்தால் தூக்கம்தான்.

பையில் ஒரு சால்வை, தண்ணீர், குறிப்பெடுக்கச் சிறு நோட்டு, குடை. ஏசி அரங்கில் இரண்டரை மணி நேரத்தில் குளிர் எலும்பில் ஏறும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் கொட்டும். மங்களம் முடிந்ததும் வாசலிலேயே நின்று ஆட்டோ தேடினால் எல்லாரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள். இரண்டு தெரு தள்ளி நடந்துபோய் அங்கிருந்து பதிவு செய்யுங்கள். பறக்கும் ரயிலில் திரும்புகிறவர்கள் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் கச்சேரிக்கு முன்பே பார்த்து வையுங்கள்.